கடலில் மறைந்த கணக்கு மேதை

2007-ம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது சான்பிரான்சிஸ்கோ நகரம். அங்கிருந்து ஒரு பாய்மரப் படகு புறப்பட்டது. 40 அடி நீளமுள்ள படகு. அதில் இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு வயது 63.

அவர் தன்னோடு ஒரு பொருளை எடுத்துச் சென்றார். அது அவருடைய தாயாரின் அஸ்தி.

கரையில் இருந்து ஏறக்குறைய 27 மைல் தொலைவில் பாரலன் தீவுகள் இருக்கின்றன. பாறையும் பறவையும் நிறைந்த தீவுகள். அங்கே போய், தாயின் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வர வேண்டும். அதுதான் அவருடைய எண்ணம்.

வானம் தெளிவாக இருந்தது. கடல் அமைதியாக இருந்தது. அவரோ படகு ஓட்டுவதில் கை தேர்ந்தவர்.

பொழுது சாய்ந்தது. இரவும் வந்தது.

படகு திரும்பி வரவில்லை!

அந்தப் படகின் பெயர் "டெனேசியஸ்". அதில் சென்றவரின் பெயர் ஜிம் கிரே.

யார் இந்த ஜிம் கிரே?

நீங்கள் பாங்கியில் பணம் போடுகிறீர்கள். எந்திரத்தில் அட்டையைச் செருகிப் பணம் எடுக்கிறீர்கள். ரெயிலுக்கு டிக்கெட் பதிவு செய்கிறீர்கள். நடுவில் மின்சாரம் போய்விடுகிறது. ஆனாலும் உங்கள் பணம் தொலைவதில்லை. உங்கள் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவதும் இல்லை. ஏன்?

அதற்கான வழியை வகுத்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர், ஜிம் கிரே. தொலைந்த கணக்கை மீட்கும் வித்தையை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

தந்தையின் நாடாப் பெட்டி

ஜிம் கிரே 1944-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் இருந்தவர். தாய் பள்ளிக்கூட ஆசிரியை.

தந்தையின் வேலை காரணமாக, குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் இத்தாலி நாட்டின் ரோம் நகரில் வளர்ந்தார். பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பியது. சிறிது காலத்தில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். ஜிம், தாயுடன் சான்பிரான்சிஸ்கோவுக்கே வந்து சேர்ந்தார். அவரை வளர்த்து ஆளாக்கியவர் தாய்தான்.

தந்தைக்கும் ஒரு தனித்திறமை இருந்தது. எதையாவது புதிதாகச் செய்து பார்ப்பார். தட்டச்சு எந்திரத்தில் மை நாடா போடுவார்கள் அல்லவா? அதற்கு ஒரு பெட்டியைக் கண்டுபிடித்து உரிமை பெற்றார். அதில் நல்ல வருமானமும் வந்தது. மகனுக்கு வந்த ஆராய்ச்சி மூளைக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜிம்முக்கு விமானப்படைக் கல்லூரியில் சேர ஆசை. விண்ணப்பம் போட்டார். இடம் கிடைக்கவில்லை! 1961-ம் ஆண்டு பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விமானப்படை கைவிட்ட பையனைக் கணிதம் பிடித்துக்கொண்டது.

1966-ல் பட்டம் பெற்றார். 1969-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறையில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் மாணவர் அவர்தான்.

ஒரே கூடத்தில் இரண்டு புலிகள்

படிப்பு முடிந்து, ஐ.பி.எம். கம்பெனியில் சேர்ந்தார். 1970-களின் தொடக்கத்தில், சான்ஹோசே என்ற ஊரில் உள்ள அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார்.

அங்கே ஏற்கெனவே ஒரு புலி இருந்தது. அவர் பெயர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாவது உலகப் போரில் விமானம் ஓட்டியவர்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தகவல்களை வைப்பது, சிக்கலான நூல்கண்டு போல இருந்தது. ஒரு தகவலை எடுக்க வேண்டுமானால், அது எந்த மூலையில், எதன் பின்னால் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காட் 1970-ம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாத் தகவல்களையும் கட்டம் போட்ட அட்டவணைகளாக வைக்கலாம் என்றார். ஒரு அட்டவணையில் வாடிக்கையாளர்களின் பெயர். இன்னொன்றில் அவர்களுடைய வரவு செலவு. இரண்டையும் சேர்ப்பது ஒரு எண். வாடிக்கையாளர் எண் 12 என்றால், வரவு செலவு அட்டவணையிலும் அதே 12 இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எதையும் தேடி எடுக்கலாம். இன்று உலகம் முழுவதும் ஓடும் டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவை இந்த முறையில் அமைந்தவைதான்.

இந்த யோசனை நடைமுறைக்கு ஒத்து வருமா என்று பார்க்க, அதே கூடத்தில் ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் செய்த டேட்டாபேசுக்கு "சிஸ்டம் ஆர்" என்று பெயர். அந்தக் குழுவில் ஜிம் கிரேயும் ஒருவர்.

மற்றவர்கள், தகவலைத் தேடி எடுப்பது எப்படி என்று யோசித்தார்கள். கிரே வேறு ஒன்றை யோசித்தார். நடுவில் எந்திரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

அண்ணன் பணம், தம்பி பணம்

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம்.

அண்ணன் தன் கணக்கில் இருந்து தம்பியின் கணக்குக்கு 500 ரூபாய் அனுப்புகிறான். கம்ப்யூட்டர் இரண்டு வேலை செய்ய வேண்டும். அண்ணன் கணக்கில் 500-ஐக் கழிக்க வேண்டும். தம்பி கணக்கில் 500-ஐக் கூட்ட வேண்டும்.

கழித்தாகிவிட்டது. அந்த நொடியில் மின்சாரம் போய்விட்டது!

அண்ணனிடமும் பணம் இல்லை. தம்பிக்கும் வந்து சேரவில்லை. 500 ரூபாய் எங்கே?

கிரே சொன்ன பதில் இது. இந்த இரண்டையும் இரண்டு வேலையாக நினைக்கக்கூடாது. ஒரே வேலையாக நினைக்க வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும். இல்லையென்றால், இரண்டுமே நடக்காதது போல ஆகிவிட வேண்டும். கல்யாணத்தில் பாதித் தாலி கட்டினேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

சரி, அதை எப்படிச் சாதிப்பது?

நமது பழைய மளிகைக் கடைக்காரர்களுக்கு இது புரியும். அவர்களிடம் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று சிட்டை. மற்றது பேரேடு. வியாபாரம் நடக்க நடக்கச் சிட்டையில் எழுதிக்கொண்டே போவார்கள். பிறகு அதைப் பார்த்து, ஒவ்வொருவர் பெயரிலும் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு நனைந்து போனாலும், பழைய பேரேடும் சிட்டையும் இருந்தால் போதும். கணக்கை மறுபடியும் எழுதிவிடலாம்.

கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு சிட்டை வேண்டும். அதற்கு "லாக்" என்று பெயர். பேரேட்டில் கை வைப்பதற்கு முன்னால் சிட்டையில் எழுதிவிட வேண்டும். முன்பு எவ்வளவு இருந்தது, இனி எவ்வளவு இருக்கும் என்ற இரண்டையும் எழுத வேண்டும். வேலை முழுவதும் முடிந்ததும், முடிந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்தக் கடைசி வரி பத்திரமாகப் பதிந்த பிறகுதான், பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அண்ணனிடம் சொல்லலாம்.

மின்சாரம் திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் சிட்டையைப் படிக்கும். முடிந்தது என்ற வரி இருக்கிறதா? அந்த வேலை பேரேட்டில் ஏறாமல் இருந்தால், ஏற்றிவிடும். அந்த வரி இல்லையா? பாதியில் நின்ற வேலையை அழித்து, பழைய தொகையைப் போட்டுவிடும். அண்ணனின் 500 ரூபாய் அண்ணனிடமே இருக்கும்.

இந்த யோசனை ஒரே மனிதரின் மூளையில், ஒரே நாளில் உதித்தது அல்ல. சிட்டை எழுதும் பழக்கம் வேறு கம்ப்யூட்டர்களிலும் இருந்தது. "சிஸ்டம் ஆர்" குழுவினர் கூட சிட்டையுடன் வேறு ஒரு முறையையும் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். பெரிய கணக்குகளுக்கு அது சரிப்படவில்லை, சிட்டையே மேல் என்று பிறகு அவர்களே எழுதி வைத்தார்கள். செய்த தவறையும் அச்சிட்டு வெளியிட்ட அந்த நேர்மை பெரிது. ஆனால் விதிகளை ஒழுங்காக வகுத்து, எல்லோரும் பின்பற்றும்படி எழுதிக் கொடுத்த பெருமை கிரேயைச் சேரும்.

நள்ளிரவில் ஒரு சோதனை

மின்சாரம் போனால் சிட்டை காப்பாற்றும். பேரேடு இருக்கும் தட்டே உடைந்து போனால்?

அப்போதுதான் பேக்கப் வேண்டும். பேக்கப் என்பது, முழுப் பேரேட்டையும் நகல் எடுத்து வேறு இடத்தில் வைப்பது. நேற்று இரவு எடுத்த நகலை எடுக்க வேண்டும். அதை நல்ல எந்திரத்தில் ஏற்ற வேண்டும். அதன்மேல், நேற்று இரவு முதல் இன்று எந்திரம் நின்ற நொடி வரை எழுதிய சிட்டையை வரிசையாக ஏற்ற வேண்டும். கணக்கு பழையபடி வந்துவிடும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. நள்ளிரவில், நூறு பேர் காத்துக் கொண்டிருக்கும்போது, அதைச் செய்கிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும். நகல் ஏற மறுக்கும். கம்ப்யூட்டர் ஏதோ ஒரு தவறு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

அந்த நேரத்தில் பலர் செய்யும் பெரிய தவறு, பதற்றத்தில் உடைந்த பேரேட்டின் மேலேயே நகலை ஏற்றுவது. நகலும் கெட்டுப் போயிருந்தால்? இருந்ததும் போச்சு! ஆகவே கெட்டதை அப்படியே எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். நகலுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு எந்திரத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

ஏறவில்லை என்றால் ஏன் என்று நிதானமாகத் தேட வேண்டும். நகல் முழுமையாக இருக்கிறதா? எடுக்கும்போதே இடம் போதாமல் பாதியில் நின்றிருக்கலாம். அனுப்பும் வழியில் அறுந்திருக்கலாம். நேற்றைய நகலின் அளவு, முந்தாநாள் நகலில் பாதிதான் இருக்கிறது என்றால், சந்தேகப்பட வேண்டியதுதான்.

அடுத்தது, வரிசை. வாடிக்கையாளர் எண் 12 இன்னும் ஏறவில்லை. அதற்குள் 12-ம் எண்ணின் வரவு செலவு வந்து நிற்கிறது. அப்படி ஒருவரே இல்லையே என்று டேட்டாபேஸ் அதைத் தள்ளிவிடும். அது டேட்டாபேசின் குற்றம் அல்ல. அட்டவணைகளுக்கு நடுவே உள்ள உறவைக் காக்க அது வைத்திருக்கும் காவல். முதலில் வாடிக்கையாளர், பிறகு வரவு செலவு என்று ஏற்றினால் வாங்கிக்கொள்ளும்.

நகலை எடுத்த டேட்டாபேஸ் புதியது, ஏற்றப் பார்க்கும் டேட்டாபேஸ் பழையது என்றாலும் தகராறு வரும். புதிய எழுத்தைப் பழையது படிக்காது. ஏறியும், பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றனவா? இரண்டு பக்கமும் எழுத்து முறை வேறு வேறாக இருந்திருக்கும்.

சிட்டையிலும் ஒரு கண்டம் உண்டு. சிட்டை சங்கிலி போன்றது. திங்கட்கிழமை நகல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சிட்டை இருக்கிறது. புதன்கிழமை சிட்டை காணோம். வியாழக்கிழமை சிட்டை இருந்தும் பயன் இல்லை! செவ்வாய் இரவோடு நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டி ஏற்ற டேட்டாபேஸ் சம்மதிக்காது.

பேரேடும் சிட்டையும் ஒரே தட்டில் இருந்தால் கதை இன்னும் மோசம். தட்டு உடைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பீரோச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய மாதிரிதான்.

எல்லாம் ஏறிய பிறகும் வேலை முடியவில்லை. எத்தனை வாடிக்கையாளர்கள், மொத்த இருப்பு எவ்வளவு என்று எண்ணி, பழைய கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒத்து வந்தால்தான் கதவைத் திறக்கலாம். சாதாரண நாளிலேயே இப்படி ஏற்றிப் பார்த்துப் பழகியிருந்தால், நள்ளிரவில் கை நடுங்காது.

குற்றவாளி யார்?

1980-ல் கிரே, டாண்டம் என்ற கம்பெனிக்குப் போனார். அது நிற்காத கம்ப்யூட்டர்களைச் செய்யும் கம்பெனி. ஒரு பாகம் கெட்டால் மற்றொரு பாகம் வேலையை வாங்கிக்கொள்ளும். பாங்கிகளும் பங்கு மார்க்கெட்டுகளும் அவற்றை விரும்பி வாங்கின.

அப்படியும் சில கம்ப்யூட்டர்கள் நின்றன! ஏன் நின்றன?

கிரே அதை ஆராய்ந்தார். 1985-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பலரும் எந்திரக் கோளாறுதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். கிரேயின் கணக்கு வேறு மாதிரி வந்தது. எந்திரக் கோளாறு 18 சதவீதம். மின்சாரம் போன்ற வெளிக் காரணங்கள் 14 சதவீதம். கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளைகளில் உள்ள பிழை 25 சதவீதம்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட ஆட்களின் தவறு? 42 சதவீதம்!

ஆட்களைத் திட்டிப் பயன் இல்லை என்று கிரே எண்ணினார். மனிதன் தவறு செய்யத்தான் செய்வான். அவன் கை படும் வேலையைக் குறைத்து, எளிதாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பிறகு டிஜிட்டல் கம்பெனியில் சில ஆண்டுகள் இருந்தார். 1995 முதல் மைக்ரோசாப்ட் கம்பெனி. அந்தக் கம்பெனியின் தலைமையகம் வடக்கே தொலைவில் இருந்தது. அவரோ சான்பிரான்சிஸ்கோவை விட்டு நகரவில்லை. கம்பெனி அவருக்காக அந்த ஊரிலேயே ஆராய்ச்சிக்கூடம் வைத்துக் கொடுத்தது!

ஆன்ட்ரியாஸ் ராய்ட்டர் என்ற ஜெர்மானியருடன் சேர்ந்து அவர் எழுதிய பெரிய புத்தகம் ஒன்று உண்டு. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். கணக்கு மீட்பைப் பற்றி அறிய விரும்புகிறவர்களுக்கு அது பாட புத்தகம் ஆயிற்று. 1998-ல் அவருக்கு டூரிங் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையின் நோபல் பரிசு என்று அதைச் சொல்வார்கள்.

மேலிருந்து பார்த்த பூமி

அதே 1998-ல் ஒரு புதுமை செய்தார். வானில் இருந்து எடுத்த பூமியின் படங்களை ஒரு பெரிய டேட்டாபேசில் போட்டு, இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்தார். விமானத்தில் இருந்து எடுத்த படங்கள். செயற்கைக்கோளில் இருந்து எடுத்த படங்கள். மக்கள் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடிப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

அடுத்து வானத்தைப் பிடித்தார். அலெக்ஸ் சாலே என்ற வானியல் பேராசிரியருடன் சேர்ந்து, கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கணக்கை டேட்டாபேசில் ஏற்றினார். பள்ளிப் பிள்ளைகள் கூட அதைத் திறந்து நட்சத்திரம் தேடலாம்.

இவ்வளவு பெரிய மனிதர். ஆனால் முன்பின் தெரியாத மாணவன் கடிதம் எழுதினாலும் பதில் எழுதுவார். அவரால் முன்னுக்கு வந்தவர்கள் பலர். ஓய்வு கிடைத்தால் படகில் கடலுக்குப் போய்விடுவார்.

தேடினார்கள், தேடினார்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, அவர் மனைவி டோனா, கடலோரக் காவல் படைக்குத் தகவல் கொடுத்தார்.

விமானங்கள் பறந்தன. ஹெலிகாப்டர்கள் பறந்தன. படகுகள் விரைந்தன. நான்கு நாட்கள் தேடினார்கள். ஒரு மரத்துண்டு கூடக் கிடைக்கவில்லை. படகில் ஆபத்துச் சமிக்ஞைக் கருவி ஒன்று இருந்தது. படகு மூழ்கினால் அது தானாகவே விடுபட்டு, வானுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எந்தச் செய்தியும் வரவில்லை.

காவல் படை தேடுதலை நிறுத்தியது. ஆனால் நண்பர்கள் நிறுத்தவில்லை.

கம்ப்யூட்டர் உலகமே திரண்டது. செயற்கைக்கோள்களை அந்தக் கடல் பக்கம் திருப்பிப் படம் எடுக்கச் செய்தார்கள். "நாசா" விமானம் ஒன்றும் மிக உயரத்தில் பறந்து படம் எடுத்தது. அந்தப் படங்களைச் சிறு சிறு துண்டுகளாக்கி, அமேசான் கம்பெனி மூலம் இன்டர்நெட்டில் வைத்தார்கள். உலகத்தின் பல மூலைகளில் இருந்து சுமார் 12 ஆயிரம் பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார்கள். அலைகளுக்கு நடுவே படகு போல ஏதாவது தெரிகிறதா?

மேலிருந்து எடுத்த படங்களைச் சாதாரண மக்களின் கண்ணுக்குக் கொண்டு வந்தவர் கிரே. இப்போது அதே மாதிரிப் படங்களில் மக்கள் அவரைத் தேடினார்கள்!

பிப்ரவரி 16-ந் தேதி அந்தத் தேடுதலும் நின்றது. பிறகு குடும்பத்தார் கடலின் அடித்தரையிலும் தேட ஏற்பாடு செய்தார்கள். மே மாதத்தோடு அதையும் கைவிட வேண்டியதாயிற்று.

2008-ம் ஆண்டு மே 31-ந் தேதி, அவர் படித்த பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நண்பர்கள் கூடினார்கள். அதை இரங்கல் கூட்டம் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பெருமை செய்யும் கூட்டம் என்றே அழைத்தார்கள்.

ஆள் மறைந்து 5 ஆண்டுகள் ஆன பிறகு, 2012-ம் ஆண்டு, ஜனவரி 28-ந் தேதியைக் குறித்து, அவர் இறந்தவராகச் சட்டப்படி கருதப்பட்டார். மகள் ஹெதரும் மனைவி டோனாவும் அதுவரை காத்திருந்தார்கள்.

படகும் கிடைக்கவில்லை. அவரும் கிடைக்கவில்லை. அந்தத் தாயின் அஸ்தி கடலில் கரைக்கப்பட்டதா என்பதும் யாருக்கும் தெரியாது.